வீட்டுச் சாராயத்துக்குப் புகைமணம்: முதிர வைக்கும்போது சேர்ப்பதற்கான முழு வழிகாட்டி

புகைமணமுள்ள விஸ்கியைக் குடித்துப் பழகியவர்கள், வீட்டில் வடித்ததற்கும் அந்த மணம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதலில் செய்யும் காரியம் ஒன்றுதான். ஓக் கட்டையை எடுத்து, கேஸ் டார்ச்சால் கரியாகும்வரை எரித்து, ஜாடிக்குள் போட்டுவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் நல்ல நிறம் இருக்கும், வெனிலா வாசம் இருக்கும், லேசான இனிப்புகூட இருக்கும். புகையைத்தான் தேட வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. கருகிய மேல்பரப்பு என்பது கரி. கரியின் வேலை கொடுப்பதல்ல, உறிஞ்சுவது. சாராயத்தில் இருக்கும் கந்தக நெடியையும் சில முரட்டு வாசனைகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்க போர்பன் விஸ்கி முழுக்க முழுக்க உட்புறம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் முதிர வேண்டும் என்பது அங்கே சட்டம். பீப்பாய் செய்பவர்களின் கணக்கில் நான்காம் எண் கருக்கல் என்றால் சுமார் 55 விநாடி தீ. மரம் முதலைத் தோல் மாதிரி வெடித்துப்போகும். அத்தனை எரித்தும் போர்பனை யாரும் புகை விஸ்கி என்று சொல்வதில்லையே. கரிக்குப் பின்னால் வறுபட்ட மரத்திலிருந்து கொஞ்சம் புகைச் சாயல் வரும். அவ்வளவுதான்.

ஆக, புகை வேண்டுமென்றால் புகையையே பிடித்து உள்ளே கொண்டுவர வேண்டும். அதை மொத்தச் சரக்கிலும் ஏற்றாமல் தனியாகப் பிடித்து, தனியாக வைத்து, கடைசியில் அளந்து கலக்க வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. புகையைக் கூட்டலாம், எடுக்க முடியாது. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சட்டம், பாதுகாப்பு

நான் எழுதுவது நியூசிலாந்தில் இருந்துகொண்டு. இங்கே 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சாராயம் வடிக்கலாம்; விற்கக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். பிரிட்டனிலும்கூட உரிமம் இல்லாமல் வீட்டில் வடிக்க அனுமதியில்லை. அங்கெல்லாம் இருப்பவர்கள் கடையில் வாங்கிய, மரம் படாத வோட்காவையோ வெள்ளை ரம்மையோ வைத்து இதைச் செய்துபார்க்கலாம். முக்கால்வாசி விஷயம் அப்படியே பொருந்தும். வடிப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. வடித்து முடித்த பிறகு நடப்பது மட்டும்தான் இங்கே.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலை ஓக்கும் எடுக்காது, கரியும் எடுக்காது, எத்தனை வருடம் வைத்தாலும் போகாது. கெட்ட சரக்கின் வாசனையைப் புகை மறைத்துவிடும் என்பது இன்னும் ஆபத்து. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் இந்த வேலைக்குள் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது தீ. 60% ஆல்கஹால் உள்ள திரவத்தின் ஆவி 22, 23 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். அதாவது சாதாரண அறை வெப்பநிலையில். 40% கூட 26 டிகிரி வாக்கில் பற்றும். புகை என்றால் அங்கே தணல் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஒரு விதி: புகை போடும் இடத்தில் சாராயம் இருக்கக் கூடாது, சாராயம் இருக்கும் இடத்தில் தணல் இருக்கக் கூடாது. காக்டெயில் கோப்பைகளுக்குப் புகை அடிக்கும் கைத் துப்பாக்கி ஒன்று இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதன் குழாயை 60% சாராய ஜாடிக்குள் விட்டு அழுத்துவதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். ஒரு பொறி உள்ளே போனால் போதும்.

புகை எங்கே இருக்கிறது

விறகை மெதுவாகக் கனலவிட்டால் மரத்தில் இருக்கும் லிக்னின் உடைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால் வகைப் பொருள்கள் ஆவியாக வரும். நாம் புகைவாசனை என்று சொல்வதில் பெரும்பகுதி இவைதான். ஓக், ஆப்பிள், நியூசிலாந்தின் மனுக்கா போன்ற கடின மரங்களிலிருந்து இரண்டும் வரும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் குவாயகால்தான் அதிகம், கூடவே பிசின் கசப்பு. பீட் என்பது மரமே இல்லை. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிப்போன பாசியும் புதரும். அதன் புகையில் கிரெசால் வகைகள் சேர்ந்து வரும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளில் அடிக்கும் அந்த மருந்து, அயோடின், தார் வாசனை இதிலிருந்து வருவது. மனுக்காவை எவ்வளவு போட்டாலும் லஃப்ரோயிக் மாதிரியான ஐலா விஸ்கியின் வாசனை வராது. அதை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான்.

விறகடுப்பில் மூடாமல் காய்ச்சிய வெந்நீரில் குளித்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் புகையை எவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்று. ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும் பரப்பில் புகை அப்பிக்கொள்ளும். சூடான, உலர்ந்த பரப்பைத் தொட்டுக்கொண்டு போய்விடும். ஐலாவில் பீட் புகையை விடுவது பார்லி முளைவிட்டு இன்னும் ஈரமாக இருக்கும்போதுதான். காய்ந்த பிறகு விட்டால் ஏறுவது குறைவு. ஐலா விஸ்கிகளில் ஆர்ட்பெக் 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு), ஆக்டோமோர் 80-க்கு மேல் என்றெல்லாம் சொல்லும் எண் அந்த மால்ட்டில், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியில், இருக்கும் ஃபீனாலின் அளவு. பாட்டிலில் அவ்வளவு இருக்காது. ஊறவைப்பதிலும் வடிப்பதிலும் பெரும்பங்கு போய்விடும்.

நம் வேலைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தானியத்தில் புகை ஏற்றுவதுதான் மரபு. மெக்சிகோவின் மெஸ்கால் சாராயத்துக்கும் அப்படித்தான்: நீலக்கற்றாழையின் உறவுக்காரச் செடியின் அடித்தண்டைப் பள்ளத்தில் சூடான கற்களுக்கு மேல் மூடிப்போட்டுச் சுடுகிறார்கள், புகை அங்கேயே ஏறிவிடுகிறது. ஆக்லாந்துக்குப் பக்கத்தில் ரிவர்ஹெட்டில் இருக்கும் தாம்சன் விஸ்கிக்காரர்கள் பார்லி மால்ட்டுக்கு மனுக்காப் புகை போட்டு வடிக்கிறார்கள். டெக்சாஸின் பால்கோனஸ் நிறுவனம் மட்டும் வேறு வழி போனது. 'பிரிம்ஸ்டோன்' என்ற அவர்களுடைய சோள விஸ்கியில் புகை தானியத்தில் ஏறுவதில்லை. டெக்சாஸ் புதர் ஓக்கின் புகை வடித்த சாராயத்தில்தான் ஏறுகிறது. எப்படி ஏற்றுகிறார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. நாமும் அந்தப் பக்கம்தான் போகிறோம், தீப்பிடிக்காத வழியில்.

என்னென்ன வேண்டும்

மரம் படாத சாராயம், 55 முதல் 60% வரை இருந்தால் நல்லது. 75% இருந்தால் லிட்டருக்குச் சுமார் 250 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 60-க்கு வந்துவிடும். கடைச் சரக்கு 37.5 அல்லது 40 தான் இருக்கும். பரவாயில்லை, அதையும் பயன்படுத்தலாம். மரத்தின் வெனிலா மெதுவாக இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணாடி ஜாடிகள். பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் வாளி எதுவும் வேண்டாம். இந்த வலுவில் ஆல்கஹால் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாததை இழுத்துக்கொள்ளும். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று, காபி வடிதாள், ஒரு ஆல்கஹால்மானி.

ஓக். வீட்டில் மது தயாரிப்பவர்களுக்கான ஹோம்ப்ரூ கடையில் குச்சியாகவும் சில்லாகவும் கிடைக்கும். சில்லு வேண்டாம் என்பேன். பரப்பு அதிகம் என்பதால் ஒரே வாரத்தில் துவர்ப்பை எல்லாம் கொட்டிவிடும், புகையும் ஒரே சீராக ஏறாது. குச்சிதான் சரி. 200 லிட்டர் பீப்பாயில் லிட்டருக்குச் சுமார் 95 சதுர செ.மீ. மரம் படுகிறது. 2 செ.மீ. தடிமன், 2 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளமுள்ள குச்சிக்கு மொத்தப் பரப்பு 104 சதுர செ.மீ. ஆக, லிட்டருக்கு அப்படி ஒரு குச்சி என்றால் பீப்பாய்க்குக் கிட்டத்தட்டச் சமம். இங்கே மார்ல்பரோவிலிருந்தும் ஹாக்ஸ் பேயிலிருந்தும் வரும் பழைய ஒயின் பீப்பாய்களைப் பாதியாக அறுத்துப் பூச்செடி வைக்க விற்பார்கள். அந்தப் பலகை அருமையான ஓக். வெளியே வார்னிஷ் அடித்திருக்கக் கூடாது. ஒயின் பட்ட பக்கத்தை இழைத்துவிட்டு, கந்தகம் போக இரண்டு மூன்று முறை கொதிநீரில் ஊறவைத்துக் கொட்டிவிடுங்கள்.

புகைக்கு மரம். நியூசிலாந்தில் யோசிக்கவே வேண்டாம், மனுக்கா மரத்தூள் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கஹவாய் மீனுக்குப் புகை போட வாங்குகிற அதே பொட்டலம். ஆப்பிள், செர்ரி, ஓக் தூளும் நல்லவை. சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். வீட்டு வேலியில் கழற்றிய பைன் பலகையைத் தொடவே தொடாதீர்கள். இங்கே வெளிவேலைக்கு விற்கும் ரேடியேட்டா பைனில் பெரும்பாலும் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றியிருப்பார்கள். லேசான பச்சை நிறம்தான் அடையாளம், பழையதானால் அதுவும் தெரியாது. எரித்தால் ஆர்சனிக் புகையோடு வரும். ரயில் தண்டவாளக் கட்டையும் அப்படித்தான், அதில் கிரியோசோட் எண்ணெய். அரளி மாதிரி விஷச் செடிகளின் விறகும் கூடாது.

பீட் வேண்டுமென்றால் புகைபோடுவதற்கென்று உலர்த்தி விற்கும் கட்டியை வாங்குங்கள். தோட்டக் கடையில் மூட்டையாக வரும் பீட்டில் உரமோ சுண்ணாம்போ கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பலருடைய சரக்கு கெடுவது இங்கேதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரினும் புகையின் ஃபீனாலும் சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். மிகமிகக் கொஞ்சம் இருந்தாலே மருத்துவமனைத் தரையைத் துடைத்த வாசம் அடிக்கும். பீட் போட்டதால்தான் அந்த மருந்து வாசனை என்று தவறாக நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கரி வடிகட்டி வழியாக வந்த தண்ணீரோ, வாலைவடி நீரோ பயன்படுத்துங்கள். மரத்தை நனைப்பதற்கும் அதேதான்.

படி 1: அடிச்சரக்கை முதலில் தயார் செய்யுங்கள்

புகையைத் தொடுவதற்கு முன்னால் புகையில்லாத ஓக் சாராயம் ஒன்று இருக்க வேண்டும். குச்சிகளை அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் 190 முதல் 200 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வறுங்கள். வீடு முழுக்க பிஸ்கட் கடை மாதிரி மணக்கும். நடுவில் ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே வரை பழுப்பேறியிருக்க வேண்டும். இந்தச் சூட்டில்தான் மரத்தின் சர்க்கரைகள் கேரமலாகின்றன, லிக்னினிலிருந்து வெனிலின் வெளிவரத் தொடங்குகிறது. விருப்பமிருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் டார்ச்சால் கருக்கித் தண்ணீரில் அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சரக்கின் முரட்டுத்தனத்தைக் கரி குறைக்கும், முன்னே சொன்ன வேலை.

லிட்டருக்கு ஒரு குச்சி போட்டு இருட்டான, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றுப் படவிட்டு மூடலாம். மூன்று முதல் ஆறு மாதம். இதில் அவசரப்பட ஒன்றுமில்லை. மரத்தின் சுவை மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் புகை நாள்பட நாள்பட மங்கும். நீண்டகாலம் முதிர்ந்த ஐலா விஸ்கிகள் இளம் விஸ்கிகளைவிடப் புகை குறைவாகவே இருப்பதைக் குடித்துப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். ஆகவே புகையை முதலிலேயே போட்டு ஆறு மாதம் வைப்பதைவிட, ஓக் வேலை முடியும் தறுவாயில் புகையைக் கொண்டுவருவதுதான் கணக்குக்குச் சரி.

ஜாடிக்குள் குச்சி போடுவது ஏமாற்று வேலையா என்று சிலர் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. 2005-இல் காம்பஸ் பாக்ஸ் நிறுவனம் 'ஸ்பைஸ் ட்ரீ' என்ற விஸ்கிக்காகப் பழைய பீப்பாய்க்குள் புது பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பொருத்தியது. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் ஆட்சேபித்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு 2009-இல் பீப்பாயின் இருபக்க மூடிப் பலகைகளை மட்டும் புது ஓக்காக மாற்றி அதே பெயரில் திரும்ப வந்தார்கள். நம் சமையலறைக்குச் சங்கம் வராது.

படி 2: குச்சியில் புகை ஏற்றுவது

மூடியுள்ள கெட்டில் பார்பிக்யூ, மீன் புகைபோடும் பெட்டி, எதுவானாலும் சரி. வெளியில், திறந்தவெளியில். சாராய ஜாடிகள் வீட்டுக்குள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

வறுத்த குச்சிகளை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நீர் சொட்டுவது நின்றதும் கம்பி வலையில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். ஈரமாக இருக்க வேண்டும், நனைந்து வழியக் கூடாது. மரத்தூளை ஒரு மூலையில் பாம்பு வரிசை போல வைத்து ஒரு முனையில் மட்டும் பற்றவைத்து, தீச்சுடர் அணைந்து கனல ஆரம்பித்ததும் மூடிவிடுங்கள். துளைபோட்ட உலோகத் தட்டு, சுருள் தட்டு என்று இதற்கென்றே விற்கிறார்கள். ஒருமுறை நிரப்பினால் பல மணி நேரம் தானாகவே கனலும். வலைக்குக் கீழே ஒரு தட்டு ஐஸ் வையுங்கள். பெட்டிக்குள் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது, 40 என்பது எல்லை.

புகையின் நிறத்தைக் கவனிப்பதுதான் இதில் முழுத் திறமையும். காற்றுத் துளை சரியாக இருந்தால் மேலிருந்து வருவது மெலிதான, நீலம் பாய்ந்த புகையாக இருக்கும். சற்றுத் தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது, வாசனைதான் வரும். வெள்ளையாக, கட்டியாக, மஞ்சள் சாயலோடு புரண்டு வந்தால் காற்று போதவில்லை அல்லது தூள் ஈரமாக இருக்கிறது. அந்தப் புகை கசக்கும். கண் எரிகிற புகை நாக்கிலும் எரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே துளையை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தெளியும்வரை குச்சிகளை வெளியே எடுத்து வையுங்கள்.

ஆறு முதல் எட்டு மணி நேரம். பாதியில் ஒருமுறை திருப்பிப்போடுங்கள், காய்ந்திருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். எடுக்கும்போது குச்சி தேன் நிறத்தில் மெருகு போட்டது போல இருக்க வேண்டும். விரலால் தொட்டால் லேசாக ஒட்டும், விரலில் கறை படியாது. கருப்பாகப் பிசுபிசுவென்று சொட்டு நின்றால் அது தார். உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள், முழுக்க அப்படி இருந்தால் அந்தக் குச்சியை விட்டுவிடுவதே மேல். புகையில் இருக்கும் புற்றுநோய் சம்பந்தமான பொருள்கள் அந்தத் தாரில்தான் அதிகம் சேரும், அவை ஆல்கஹாலில் நன்றாகவே கரையும்.

உடனே ஜாடியில் போடக் கூடாது. காகிதப் பையில் போட்டு மூன்று நாள் காற்றாட வையுங்கள். முதல் நாள் மூக்கைப் பொத்த வைக்கும் காரம் மூன்றாம் நாள் அடங்கி, அடியில் இருக்கும் இனிப்பான புகை தெரிய ஆரம்பிக்கும். அன்றைக்கு நீங்களும் குளித்து, துணி மாற்றியிருப்பீர்கள். புகை போட்ட நாளில் சட்டையும் தலைமுடியும் மூக்கும் புகையாகவே இருக்கும். அன்று எதையும் முகர்ந்து முடிவு செய்வதில் அர்த்தமில்லை.

படி 3: புகைச் சாறு

அடிச்சரக்கிலிருந்து, அல்லது 60% வெறும் சாராயத்திலிருந்து, 250 மி.லி. எடுத்துச் சின்ன ஜாடியில் ஊற்றி, புகைக் குச்சிகள் இரண்டைப் போடுங்கள். பீப்பாய்க் கணக்குக்கு இது எட்டு மடங்கு. வேண்டுமென்றேதான். இதைக் குடிக்கப்போவதில்லை, மசாலா மாதிரிச் சேர்க்கப்போகிறோம்.

மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் புகை சீக்கிரமே இறங்கிவிடும். முதல் வாரத்திலேயே நிறம் மாறும். இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி எடுத்து, இரண்டு மடங்கு தண்ணீர் விட்டுச் சுவையுங்கள். புகை நன்றாக ஏறி, நாக்கின் ஓரங்களில் துவர்ப்பு தொடங்கும் இடம் ஒன்று வரும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில். அங்கே குச்சியை எடுத்துவிடுங்கள். காபி வடிதாளில் வடிகட்டி, மூடி, தேதி எழுதி வையுங்கள்.

படி 4: புகைத் தண்ணீர்

இது எனக்கு மிகவும் பிடித்த வழி. எப்படியும் 60% சரக்கைக் குடிக்கும் பதத்துக்கு 43, 45-க்கு இறக்கத் தண்ணீர் விடத்தானே வேண்டும்? அந்தத் தண்ணீரிலேயே புகையை ஏற்றிவிட்டால் தீ பயமும் இல்லை, தாரும் குறைவு. தார்ப் பொருள்கள் தண்ணீரில் அதிகம் கரைவதில்லை. மேலே படலமாகவோ பாத்திர ஓரத்தில் வளையமாகவோ ஒதுங்கிவிடும், வடிதாள் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் திரவப் புகையைத் தயாரிப்பவர்களும் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கடைப் புகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பலவற்றில் உப்பு, வினிகர், நிறமெல்லாம் இருக்கும்.

அகலமான எவர்சில்வர் தட்டில் தண்ணீரை உறையவைத்து, அந்த ஐஸை அப்படியே புகைப் பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த பரப்பில் புகை நன்றாகப் படியும். உருகி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் விடலாம். மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம் போதும். எடுத்து, ஒரு இரவு குளிர்பதனப் பெட்டியில் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் படலத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து எடுத்து இரண்டு முறை வடிகட்டுங்கள். வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர் கெட்டுப்போகும் என்பதால் சில நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

40% கடைச் சரக்கை வைத்துச் செய்கிறவர்களுக்கு இது சரிப்படாது. இன்னும் தண்ணீர் சேர்த்தால் சப்பென்று போய்விடும். அவர்கள் படி 3-ஐ மட்டும் பின்பற்றட்டும்.

குறுக்கு வழிகள்

புகை போட இடமே இல்லை, அடுக்குமாடி வீடு என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, லாப்சாங் சூச்சோங் தேயிலை. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து ஊயீ மலைப் பகுதியில் பைன் விறகுப் புகையில் உலர்த்தும் தேயிலை இது. 100 மி.லி. சாராயத்தில் 2 கிராம் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்து, அரை மணிக்குள் வடித்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் தேயிலைத் துவர்ப்புதான் மிஞ்சும். பைன் புகை என்பதால் ரம்முக்கு ஒத்துப்போகும், தானியச் சாராயத்தில் கொஞ்சம் அன்னியமாகத் தெரியும்.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஒரு பாட்டில் ஐலா விஸ்கி வாங்கி, உங்கள் அடிச்சரக்கில் இருபதில் ஒரு பங்கு கலந்துவிடுவது. பெரிய கம்பெனிகள் கலப்பு விஸ்கியில் புகைச் சாயல் கொண்டுவருவது இப்படித்தான். பீட் மணம்தான் வேண்டும், மனுக்கா வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட மலிவான, நம்பகமான வழி கிடையாது.

படி 5: அளந்து கலப்பது

காலையில், சாப்பிடுவதற்கு முன், காபி குடிப்பதற்கு முன் செய்யுங்கள். அடிச்சரக்கில் 50 மி.லி. வீதம் நான்கு கிளாஸில் ஊற்றுங்கள். முதல் கிளாஸ் அப்படியே இருக்கட்டும். மற்றவற்றில் சிரிஞ்சால் புகைச் சாறு 1 மி.லி., 2.5 மி.லி., 5 மி.லி. சேர்த்து, நான்கிலும் ஒரே அளவாக, வலு இருபது, இருபத்தைந்து சதவீதத்துக்கு இறங்கும்வரை நல்ல தண்ணீர் விடுங்கள். அந்த வலுவில்தான் குறைகள் தெரியும். வலுவாக இருந்தால் எரிச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். புகைக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும், மூன்றாவது கிளாஸுக்கு வரும்போது எதுவுமே புகையாகத் தெரியாது. நடுநடுவே உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும். கேட்க வேண்டிய கேள்வி, புகை தெரிகிறதா என்பதல்ல. விழுங்கி அரை நிமிடம் கழித்து வாயில் என்ன மிஞ்சுகிறது என்பது. இனிப்பும் புகையும் மிஞ்சினால் நல்லது. சாம்பலை நக்கியது போல இருந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது புகையே சரியில்லை.

பிடித்த அளவைக் கண்டதும், அதில் முக்கால் பங்கை மட்டும் மொத்தச் சரக்கில் சேருங்கள். 50 மி.லி.க்கு 2.5 பிடித்திருந்தால் லிட்டருக்கு 50 மி.லி. ஆகிறது, நீங்கள் 37, 38 சேர்த்து நிறுத்துங்கள். இரண்டு வாரம் கழித்துச் சுவைத்துவிட்டு மீதியைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம். கலந்த அன்று தனித்தனியாகத் தெரியும் மரமும் புகையும் அதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும்.

பிறகு வலுவை இறக்குவது. 60% சரக்கு ஒரு லிட்டரை 45-க்கு இறக்க 330 மி.லி. போலத் தண்ணீர் தேவைப்படும். அதில் முதலில் கால்பங்கு மட்டும் புகைத் தண்ணீராக இருக்கட்டும், மற்றது சாதாரண வடிகட்டிய நீர். ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கலங்கலாக மாறினால் பயப்பட வேண்டாம், சாராயத்திலும் மரத்திலும் இருக்கும் எண்ணெய்ப் பசை பிரிவதுதான். குளிரில் வைத்து வடிகட்டினால் போகும், ஆனால் அதோடு கொஞ்சம் சுவையும் போகும். நான் வடிகட்டுவதில்லை.

ஏதாவது தப்பாகப் போனால்

புகை அதிகமாகிவிட்டால் கரித்தூள் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். அது புகையோடு வெனிலாவையும் நிறத்தையும் அள்ளிக்கொண்டு வெறும் ஸ்பிரிட்டைத் திருப்பிக் கொடுக்கும். புகையில்லாத அடிச்சரக்கைச் சேர்த்து நீர்க்கச் செய்வதுதான் ஒரே நல்ல வழி. அதற்காகவே அடிச்சரக்கில் கால்பங்கை எப்போதும் ஒதுக்கி வையுங்கள். அதுவும் இல்லையென்றால் மூடிவைத்து மறந்துவிடுங்கள், ஒரு வருடத்தில் ஓரளவு அடங்கும்.

சாம்பல் கசப்பு என்றால் புகைப் பெட்டியில் சூடு கூடியிருக்கிறது அல்லது வெள்ளைப் புகை. அது காலத்தால் போகாது. மருந்துக்கடை வாசம், அதுவும் பீட் போடாத சரக்கில் வந்தால், குளோரின் தண்ணீரைச் சந்தேகியுங்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஃபீனால் வகைகள் வடிக்கும்போது கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும். புகை போட்ட மால்ட்டில் வடித்தவர்கள் வால்பகுதியைத் தாராளமாகச் சேர்த்திருந்தால் அழுக்கான புகை ஒன்று முன்பே உள்ளே இருக்கும். அதன்மேல் இன்னும் புகை ஏற்றுவது வீண்.

புகையே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் குச்சி காய்ந்துபோய் இருந்திருக்கும், அல்லது பெட்டி சூடாக இருந்திருக்கும். அதே குச்சிகளை நனைத்து மறுபடியும் புகையில் வைக்கலாம். ஆனால் ஒருமுறை சாராயத்தில் ஊறியவற்றை உடனே தணல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, நீரை மாற்றி, வெயிலில் வாரக்கணக்கில் காயவிட்ட பிறகுதான் அவை மறுபடியும் புகைப் பெட்டிக்குள் போகலாம்.